‘லேசா’ என்றால் எவ்வளவு?

கால்நடை மருத்துவப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் உங்கள் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலே வார்த்தை போதுமென்றால் இப்போதே முடித்துவிடலாம்: மாட்டுக்குப் பின்னால் நிற்காதீர்கள். எண்ணிப் பார்த்தால் மூன்றுதான் வருகிறது. பாக்கியிருக்கிற நாலாவது வார்த்தை ‘லேசா’. அது ஒன்றைச் சொல்லத்தான் மிச்சத் தாளெல்லாம்.

மியாசிஸிலிருந்து ஆரம்பிக்கிறேன். பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை. குன்றல் பகுப்பு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓர் உயிரணு தன்னிடமுள்ள குரோமோசோம்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு விந்தணுவாகவோ கருமுட்டையாகவோ ஆகிற சங்கதி. கல்லூரியில் எனக்கும் அதற்கும் ஆகாது. கட்டம் கட்டமாகப் படம் போடச் சொன்னார்கள், போட்டேன். பேராசிரியர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இடியாப்பம் சரி. தேங்காய்ப்பால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று கேட்டார்.

அத்தோடு மியாசிஸை மறந்து, வேலைக்கு வந்து, கல்யாணமும் முடித்தேன். வந்து வாய்த்தது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கிற அம்மாள். பெயர் சாந்தி. பெயரை நம்பி ஏமாந்தவர்களில் நான் முதல் ஆள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மறுநாள் பாடத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவளின் புத்தகத்தில் எட்டிப் பார்த்தால், கொட்டை எழுத்தில் மியாசிஸ்.

“ஏ, இது எங்க வார்த்தை. உனக்கெதுக்கு?” என்றேன்.

“அணி இலக்கணத்துல வருதுங்க. பெரிய விஷயத்தை வேணும்னே சின்னதாக்கிச் சொல்றது. ஊரே கூரையில்லாம நிக்கும்போது, ‘நேத்து காத்துக் கொஞ்சம் கூடுதல்’னு சொல்ற மாதிரி.”

“அட, திருட்டுப் பசங்களா! மாட்டு டாக்டர்கிட்ட இருந்து திருடிட்டீங்களா?”

“நாங்க மேடையில பேசி முடிச்சு, சோடா குடிச்சு, வீட்டுக்கும் போனப்புறந்தான் நீங்க உருப்பெருக்கியே வாங்குனீங்க. ரெண்டுக்கும் ஒரே கிரேக்க வார்த்தை. குறைக்கிறதுன்னு அர்த்தம். சாம்பார் ஊத்தவா?”

தோற்றுப்போனவன் சும்மா இருப்பானா? “எங்க மியாசிஸ்ல பாதியாக் குறையிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்தப் பக்கமிருந்து இன்னொரு பாதி வந்து சேரும். சேர்ந்தாத்தான் கரு, கன்னுக்குட்டி எல்லாம். உங்க மியாசிஸ்ல இன்னொரு பாதி எங்க இருக்காம்?” என்று மடக்கினேன்.

அவள் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கேக்குறவன்கிட்ட இருக்கும். இருந்தா.”

அந்த ‘இருந்தா’ என்னைத்தான் குத்தியது என்பது எனக்குப் புரியவே ரொம்ப நாளாயிற்று. கேட்கிறவனிடம் இருக்கவேண்டிய பாதி அந்தச் சமயத்தில் என்னிடம் சுத்தமாக இல்லை.

காரணம், நான் பிறந்தது வைகை அணைப் பக்கம். எங்களாட்கள் பேசினால் மதகு திறந்த மாதிரி. கொசு கடித்தால் குடும்பத்தோடு அழுவோம். எனக்குப் போஸ்டிங் போட்டதோ தேவாரம் என்கிற ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில். அங்கே யாரும் எதையும் அதன் சொந்த அளவில் சொல்லமாட்டார்கள். “மாட்டுக்கு லேசா காலு நோவுது” என்றால், மாடு படுத்த இடத்தைவிட்டு எழுந்தே பல நாளாகிறது. “கன்னுக்குட்டி கொஞ்சம் கீழ எறங்கிருச்சு” என்றால் கிணற்றுக்குள் கிடக்கிறது. “நாயி சும்மா வாய வச்சுப் பாத்துச்சு” என்றால் தையல் போடவேண்டும்.

நல்ல செய்திக்கும் இதே கதிதான். வாசலில் சொசைட்டிக்குப் போகிற பால் கேன்கள் வரிசையாக நிற்கும். “கறவை எப்படி?” என்று கேட்டால், “ஏதோ, காப்பித் தண்ணிக்கு ஆகுது” என்பார்கள். ஏன் இப்படி என்று ஓர் அம்மாவைக் கேட்டேன். “நல்லதப் பெருசாச் சொன்னா கண்ணு பட்டுரும். கெட்டதப் பெருசாச் சொன்னா, அது நெசமாவே பெருசாயிரும்ல?” என்றார். இதற்கு எதிராக விலங்கியலில் எனக்கு எந்த வாதமும் கிடைக்கவில்லை.

மருந்தகத்தில் எனக்கு வாய்த்த உதவியாளர் சோலையோ நேர் எதிர்த் துருவம். எங்கள் அணைப் பக்கத்து ஆள். பல்லியைப் பார்த்தால் உடும்பு என்பான்; உடும்பைப் பார்த்தால் லீவு போட்டுவிடுவான். ஆகவே என் ஆரம்பகால நோயறியும் முறை இதுதான்: மாட்டுக்காரர் சொன்னதையும் சோலை சொன்னதையும் கூட்டி இரண்டால் வகுப்பது. சில சமயம் விடை சரியாகவும் வந்தது.

இந்தக் கணக்கை உடைத்தவர் ஒச்சப்பன். ஆறடி உயரம், கதவு மாதிரி மார்பு, பேச்சு மட்டும் சிக்கனம். அவர் வளர்த்தது செவலை என்கிற ஜல்லிக்கட்டுக் காளை. முதன்முதலாகத் தடுப்பூசி போடப் போன அன்றைக்குத் தொழுவத்து வாசலில் நின்று, “டாக்டரு, பய கொஞ்சம் வெளாட்டுப் புள்ள” என்றார்.

விளையாட்டுப் பிள்ளைதானே என்று நானும் விளையாட்டாக உள்ளே போனேன். அடுத்து நான் பார்த்தது மேற்கு மலை. அதன் பிறகு வானம். பிறகு வைக்கோல் படப்பின் உச்சியில், கையில் ஊசி உடையாமல், உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து ஒச்சப்பனின் குரல் வந்தது: “எறங்கி வாங்க டாக்டரு, காப்பி ஆறுது.” அவருடைய மனைவி மாயக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் பறந்த பறப்பில் கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் என்னிடம் பெர்மிட் கேட்டதாகச் சோலை ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

தம்பிகளே, இதில் படிப்பினை ஒன்றுமில்லை. படப்பு இருக்கிற வீடாகப் பார்த்து வைத்தியத்துக்குப் போங்கள், அவ்வளவுதான். படிப்பினை இனிமேல்தான் வருகிறது.

மார்க்கையன்கோட்டையில் ஒரு கால்நடை முகாம். பந்தல், பிளெக்ஸ், ஒலிபெருக்கி, வரிசையாக மாடுகள். இணை இயக்குநர் நேரில் வருகிறார். ஊருக்குப் புதியவர், சென்னைக்காரர். வரவேற்புரை என் தலையில். மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ஒச்சப்பன்.

அந்த மனுசன் போன் பண்ணுகிறவர் இல்லை. ஒரு தடவை காளை தொடையில் குத்திக் கிழித்தபோதுகூட, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்று, வரிசையில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர். நடத்துநர்தான் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாராம்.

“டாக்டரா?”

“ஆமாண்ணே. சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. சாப்ட்டீகளா?”

“ஆச்சுண்ணே. இட்லி. என்ன விசயம்?”

“செவலை லேசா எச்சி வடிக்கிறான். பக்கத்துப் பீட்ரூட்டுக் காட்டுல வாய வச்சுட்டான் போல. வயிறுங் கொஞ்சம் தூக்குன மாதிரி இருக்கு.”

“எப்ப இருந்து?”

“இப்பத்தான். அவசரமெல்லாம் இல்ல டாக்டரு. உங்க சோலியெல்லாம் முடிச்சிட்டு, இந்தப் பக்கம் வந்தீகன்னா அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போங்க.” பின்னால் எங்கேயோ மாயக்கா, “ஆத்தா, மாரியாத்தா” என்று கும்பிடுவது கேட்டது. அப்புறம் அவர் மறுபடியும் கேட்டார்: “சாப்ட்டீகளா?”

போனை வைத்துவிட்டார்.

இங்கேதான் கவனியுங்கள். வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டால் விசயம் ஒன்றுமில்லை. எச்சில், லேசா. வயிறு, கொஞ்சம். அவசரம், இல்லை. நோய்ப் பதிவேட்டில் எழுதினால் மதியம் சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் போகிற கேஸ். ஆனால் அது அவர் கொடுத்த பாதி. என் பங்குக்கு நான் போடவேண்டிய பாதி என்ன? போனே பண்ணாத ஆள் போன் பண்ணினார். அவசரமா என்று நான் கேட்காமலே அவசரமில்லை என்றார். பதில் சொன்ன கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்படியென்றால் முதல் பதில் அவர் காதிலேயே விழவில்லை. இரண்டு பாதியையும் சேர்த்தேன். தொண்டையில் பீட்ரூட் அடைத்திருக்கிறது, வாயு வெளியேற வழியில்லாமல் வயிறு ஊதுகிறது, காளை செத்துக்கொண்டிருக்கிறது.

“என்னா சார்?” என்றான் சோலை.

“ஒச்சப்பன் காளை.”

“அய்யய்யோ! பத்து மாடு சாகக் கெடக்கா சார்?”

வகுக்கிற கணக்கை அன்றோடு விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து இணை இயக்குநரின் ஜீப் பந்தலுக்கு முன்னால் வந்து நின்றது. மாலை, சால்வை, கைத்தட்டல். நான் முண்டியடித்துப் போய் அவர் காதருகே குனிந்தேன்.

“சார், லேசா ஒரு கேஸ் வந்திருக்கு...”

“லேசான கேஸ்தானே? மதியம் பாருங்க.”

“இல்ல சார், கொஞ்சம் வயிறு...”

“எனக்குந்தான் கொஞ்சம் வயிறு. உக்காருங்க.”

உட்கார்ந்துவிட்டேன்! சிரிக்காதீர்கள். அரசாங்க உத்தியோகத்தில் ‘உக்காருங்க’ என்றால் முட்டி தானாக மடங்கும். மடங்கின பிறகுதான் உறைத்தது. இந்தப் பள்ளத்தாக்கில் இருந்து இருந்து நானும் இவர்கள் மாதிரியே பேசப் பழகிவிட்டேன். பாவம், அந்த மனிதர் மேல் என்ன தப்பு? நேற்று வந்தவர். என் பாதியோடு சேர்க்க அவரிடம் பாதி ஏது? யாரிடம் மறுபாதி இல்லையோ, அவர்களிடம் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும்.

எழுந்தேன். “சார், தொண்டையில பீட்ரூட் அடைச்சு, வயிறு ஊதி, தேவாரத்துக்கு அங்கிட்டு ஒரு காளை செத்துக்கிட்டிருக்கு. நான் இப்பப் போகலைன்னா செத்துரும்.”

முன்னால் மைக் இருந்ததைக் கவனிக்கவில்லை. ஊருக்கே கேட்டது. மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

இணை இயக்குநர் மாலையைக் கழற்றினார். “அப்புறம் ஏன்யா இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க? என் ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போ!”

நானும் சோலையும் கிளம்பினோம். பின்னால் ஒலிபெருக்கியில் அவரே தனக்குத் தானே வரவேற்புரை சொல்லிக்கொள்வது கேட்டது. நான் சொல்லியிருந்தால் அவ்வளவு சுருக்கமாக இருந்திருக்காது.

தொழுவத்தைச் சுற்றி ஒரே கூட்டம். உள்ளே செவலை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். வாயில் நுரை கொட்டியது. இடது வயிறு முதுகெலும்புக்கு மேலே ஏறி, தட்டினால் தவில் சத்தம் வரும் போலிருந்தது. கால்கள் அகன்று நடுங்கின. கீழே சாய்ந்தால் எழமாட்டான். ஒச்சப்பன் அவனுடைய கொம்புகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வந்துட்டீகளா?” என்றார். “எதுக்கு இம்புட்டு வேகமா வந்துக்கிட்டு? ஒண்ணும் அவசரமில்லேன்னுதான சொன்னேன்.”

“வாய மூடுங்க!” என்றார் மாயக்கா. “சார், விடியக்காலையிலருந்து இந்த மனுசன் பச்சத்தண்ணி குடிக்கல. அங்கன இங்கன நகராம நிக்கிறாக.”

அப்படியானால் ‘இப்பத்தான்’ என்பதும் பாதிதான்.

கூட்டம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிற்று. எண்ணெய் ஊத்துங்க என்றார் ஒருவர். ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும் என்றேன். சோடா குடுங்க என்றார் இன்னொருவர். உள்ளே இருக்கிற வாயு போதாதா என்றேன். எனக்குள்ளே வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. அடைப்பை முதலில் எடுப்பதா, வயிற்றைத் துளைத்து வாயுவை விடுவதா? அடைப்பை எடுத்துவிட்டால் துளைக்கவே வேண்டாம். காளைக்குக் காயமில்லை, எனக்கும் நல்ல பேர். ஆனால் கையை உள்ளே விட்டுத் தேடி எடுப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டால், பீட்ரூட்டை எடுத்து என்ன பண்ண? பொரியல்தான் வைக்கலாம். நான் அவன் விலாவைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சும் முந்தினதைவிடக் குட்டையாக வந்தது. ட்ரோகாரை எடுத்தேன். குழாய் மாட்டிய பெரிய குத்தூசி அது. உங்களுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத்தான் பயம்.

“அண்ணே, இடது பக்கம் குத்தப்போறேன்.”

ஒச்சப்பன் அதைப் பார்த்தார். “லேசாத்தான?”

ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால், குத்துகிற நேரத்தில் அவர் அதிர்ந்து பிடியை விட்டிருப்பார்.

“இல்லண்ணே. ஆழமா.”

“பொழச்சுக்குவானா?”

“பாப்பம்ணே.”

என்னுடைய ‘பாப்பம்’ எவ்வளவு கனம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கொம்புகளை இறுக்கிக்கொண்டு, தன் நெற்றியைக் காளையின் நெற்றியில் வைத்தார்.

குத்தினேன்.

சத்தம் டயர் வெடித்த மாதிரி இல்லை. ஒரு லாரி டயர் வாழ்க்கை முழுவதையும் நினைத்துப் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதுவரை வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேறு வேலை வந்துவிட்டது. “ஊரே காலி சார்!” என்றான் சோலை மூக்கைப் பிடித்துக்கொண்டு. அவன் சர்வீஸில் மிகையில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

வயிறு இறங்க இறங்க, காளைக்கு மூச்சு வந்தது. இனி அடைப்பு. வாய் மூடாமல் கட்டையைக் கொடுத்து, சோலை வெளியிலிருந்து தொண்டையை மேல்நோக்கித் தள்ள, நான் கையை உள்ளே விட்டேன். என்னைப் படப்பில் ஏற்றியவனின் வாய்க்குள் என் வலது கை. மனசுக்குள் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டேன். விரல் நுனியில் வழுவழுவென்று ஏதோ பட்டது. நழுவியது. மறுபடியும் பட்டது. நகத்தை ஊன்றி இழுத்தேன். வந்துவிட்டது.

கையை வெளியே எடுத்தால், முழங்கைவரை ஒரே சிவப்பு.

“அய்யோ, டாக்டரு கை போச்சே!” என்று மாயக்கா அலறினார். நானும் பார்த்தேன். எனக்குத் தலை சுற்றியது. கையே இல்லை என்று முடிவுகட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோலை என் முகத்தில் தண்ணீரடித்து, “சார், சார், பீட்ரூட்டுச் சாறு சார்” என்றான். இத்தனை வருசம் படித்தவனுக்கு ரத்தமும் பீட்ரூட்டும் தெரியவில்லை. இல்லாத கையில்தான் அந்தப் பீட்ரூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அசையாமல் நின்றான். இருமினான். மறுபடியும் அசையாமல் நின்றான். அடைப்பை எடுத்துவிட்டேன், வாயுவை விட்டுவிட்டேன், இனி என் படிப்பில் செய்ய ஒன்றுமில்லை. இந்த நேரத்துக்கு மட்டும் உங்களுக்கு யாரும் எதுவும் கற்றுத்தர முடியாது, தம்பிகளே. சும்மா நிற்க வேண்டும். நான் உட்கார்ந்தபடி நின்றேன்.

வெயில் தொழுவத்துக்குள் வந்து, காளையின் முதுகில் ஏறிற்று. அவன் தொண்டையில் ஏதோ உருண்டு மேலே வந்தது. செவலை அதை வாய்க்குள் வாங்கி, நிதானமாக, இடமும் வலமுமாக, அசைபோட ஆரம்பித்தான்.

மாயக்கா தரையில் விழுந்து கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை. நான் பாதி வழியில் இருந்ததால் எனக்கும் கொஞ்சம் விழுந்திருக்கும். பிறகு எழுந்துபோய், “விடுங்க, போதும். அவன் திங்கட்டும்” என்றார் புருசனிடம்.

ஒச்சப்பன் விடவில்லை.

“விடுங்கங்கிறேன்ல!”

“சும்மாதான பிடிச்சிருக்கேன்” என்றார் அவர். விரல்கள் கொம்போடு கொம்பாக வெளுத்துப் போயிருந்தன. விட நினைத்தும் அவருக்கு விட வரவில்லை. மாயக்கா பக்கத்தில் போய், சுண்டுவிரலில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். அது முடிகிறவரை, யாரையும் நெருங்கவிடாத அந்தக் காளை தலையை ஆட்டாமல், அசைபோடுவதை மட்டும் நிறுத்திவிட்டு, பொறுமையாக நின்றது.